ஸ்லீவ் மாமா

ஹைதராபாத்தில் ஏ.எஸ். ராவ் நகர், கமலா நகர், குஷாய்குடா பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் மஞ்சீரா தண்ணீர் வருமா, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். அந்த அபார்ட்மெண்டில் ஒரு ஸ்லீவ் மாமா இருக்கிறாரா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். இருப்பார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சிகரெட் பிடிக்காத மனிதர், ஆனால் சட்டைப்பையில் லைட்டர் இருக்கும். கூடவே விரல் நீளத்துக்கு நாலைந்து கறுப்புக் குழாய்த் துண்டுகள், சூடு காட்டினால் சுருங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும் ஸ்லீவ். அதை ரப்பர் என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "ரப்பர் இல்லப்பா, பாலிஓலிஃபின்" என்று ஆரம்பித்தால், நீங்கள் வாங்கி வந்த பால் பாக்கெட் கையிலேயே திரிந்துபோகும்.

இந்த வட்டாரத்தில் மாமாக்களுக்குப் பஞ்சமில்லாததற்குச் சரித்திரக் காரணம் உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் ஈசிஐஎல் என்ற எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1967இல் இங்கே தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயரைத்தான் இந்த நகர் தாங்கியிருக்கிறது. டிப்ளமாவோ பி.இ.யோ முடித்த கையோடு தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி செகந்திராபாத்தில் இறங்கியவர்களில் பலர் இந்தப் பக்கம்தான் வேர்விட்டார்கள். அந்த நிறுவனம் தயாரித்த ஈசி டிவி வீட்டில் இருப்பது கௌரவமாக இருந்த காலம் அது. டிவி போயிற்று, வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. கையில் இருந்த சால்டரிங் அயர்ன் மட்டும் ஓயவில்லை.

மாமாவின் சித்தாந்தம் ஒற்றை வரி: "எந்த ஒயரும் நடுவுல அறாது, முனையிலதான் அறும்." சார்ஜர் ஒயர் தலைப்பாகத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள், அவர் சொல்வது சரிதான். மடங்கி மடங்கி அங்கேதான் மேல்தோல் வெடிக்கும். நாமெல்லாம் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவோம். ஹைதராபாத் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டியதும் டேப்பின் பசை இளகி, கை, போன், தலையணை உறை எல்லாவற்றிலும் ஒட்டும். மாமா இந்தக் காட்சியைப் பார்க்கும்போது முகத்தில் வருகிற பரிதாபம் இருக்கிறதே, இழவு வீட்டில்கூட அவர் அப்படி இருந்ததில்லை.

டேப்புக்குப் பதில் அவர் போடும் குழாயின் சூட்சுமத்தை அவர் விளக்கும்போது இடைமறிக்கக் கூடாது. முதலில் சின்ன விட்டத்தில் குழாயை வார்ப்பார்களாம். அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிறகு சூடாக்கி, ஊதிப் பெரிதாக்கி, அப்படியே ஆறவைத்துவிடுவார்கள். நாம் மறுபடி சூடு காட்டியதும் அது தன் பழைய அளவை நினைவுகூர்ந்து சுருங்கும். அமெரிக்காவில் பால் குக் என்பவர் 1957இல் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இந்தச் சரக்கை வைத்தே உலகப் புகழ் பெற்றது. "பிளாஸ்டிக்குக்கு ஞாபகசக்தி இருக்கு பாத்துக்கோ" என்று முடிப்பார். மூன்று சாமான் வாங்கக் கடைக்குப் போய் ஒன்றோடு திரும்பி வருகிற மனிதர் சொல்கிறார், நாமும் கேட்டுக்கொள்கிறோம்.

குழாய் வாங்க மாமா ஆன்லைனுக்குப் போக மாட்டார். கோட்டியில் குஜராத்தி கல்லிக்குத்தான் போவார். ஒரு மீட்டர் குழாய்க்கு ஊரின் குறுக்கே பஸ் பயணம். கடைப்பையன் தலை நிமிராமல் கேட்பான்.

"க்யா ஹோனா அங்கிள்?"

"ஷ்ரிங்க் டியூப். த்ரீ இஸ் டு ஒன்."

"டூ இஸ் டு ஒன் லேலோ. சப் வோஹிச் லேதே."

"நக்கோ."

எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்கிறான் பையன். எல்லாரும் வாங்குவதால்தான் மாமாவுக்கு அது வேண்டாம். அதில் நியாயமும் இருக்கிறது. டைப்-சி ஒயரின் தலைப்பாகம் 11, 12 மில்லிமீட்டர் அகலம். ஒயரோ மூன்றரை, நாலு மில்லிமீட்டர்தான். தலை நுழைகிற அளவுக்குப் பெரிய குழாய் வாங்கினால், பாதியாகச் சுருங்கும் ரகம் ஒயரைக் கவ்வாது, தொளதொளவென்று தொங்கும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவது வேண்டும். நாலில் ஒரு பங்கு கிடைத்தால் இன்னும் உத்தமம். அதையும் ஒரே துண்டாகப் போட மாட்டார். நீளமான துண்டு அடியில், அதன்மேல் கொஞ்சம் குட்டை, அதற்கும் மேல் இன்னும் குட்டை. வளைவு ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக. ஒயர் முனையில் பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கைச் சுற்றுகிற கூட்டத்தை அவருக்கு அறவே பிடிக்காது. சூட்டில் நீளமும் கொஞ்சம் குறையும் என்பதால் வெட்டும்போதே ஒரு நகக்கண் அளவு கூடுதலாக விடுவார். இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, சும்மா சொல்லக் கூடாது.

சூடு காட்டும் கட்டம்தான் தரிசனம். மகள் விட்டுப்போன ஹேர் டிரையரில் ஒருமுறை முயன்று, "இது தலையக் காயவைக்கத்தான் லாயக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாதாரணக் குழாய் சுருங்கத் தொடங்கவே 90 டிகிரி அளவில் சூடு வேண்டும், முழுதாகப் பிடிக்க 120 வரை போக வேண்டும். ஹீட் கன் பரணில் இருக்கிறது, ஸ்டூல் போட்டு ஏறினால் மாமி திட்டுவாள். ஆகவே லைட்டர். சுடரைக் குழாயில் படவிடாமல், கற்பூர ஆரத்தி போல ஒயரைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். குழாய் மெல்ல இறுகி ஒயரைத் தழுவும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

ஒரே ஒரு கண்டம் உண்டு. அறுந்த ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டுவதாக இருந்தால், ஒட்டுவதற்கு முன்பே குழாயை ஒயரில் கோத்துத் தள்ளி வைத்திருக்க வேண்டும். ஒட்டியபின் கோக்க வழியே இல்லை. நாற்பது வருட அனுபவஸ்தர் ஜாயிண்ட்டைப் பளபளவென்று முடித்து, ஊதி ஆறவைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தால் குழாய் மேஜைமேல் கிடக்கும். "ச்சே" என்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்து குரல் வரும்: "மறுபடியும் மாட்ட மறந்துட்டீங்களா?"

ஒயரோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுதவே வேண்டாம். கேட் சாவிக்குச் சிவப்பு ஸ்லீவ், பீரோ சாவிக்கு மஞ்சள், மொட்டைமாடிக்குப் பச்சை. நுனி பிரிந்த ஷூ லேஸுக்கு ஸ்லீவ். காதை அறுக்கும் கண்ணாடிக் காம்புக்கு ஸ்லீவ். ஸ்க்ரூடிரைவர் தண்டு முழுக்க ஸ்லீவ். ஒருநாள் காய்கறிக் கத்திக்கு உறை செய்கிறேன் என்று அகலக் குழாயைக் கத்தியின் மேலேயே மாட்டிச் சுருக்கிவிட்டார். அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. பொருந்தியது கழல மறுத்தது. மாமா இழுத்தார், வாட்ச்மேன் இழுத்தான், கழலவில்லை. கடைசியில் இன்னொரு கத்தியால் உறையைக் கிழித்துத்தான் முதல் கத்தியை மீட்டார்கள். "பாத்தியா, எவ்வளவு ஸ்ட்ராங்!" என்றார் மாமா. அன்று மதியம் காய் நறுக்காமல் பருப்புத் துவையல்.

கணக்குப் பார்த்தால் இதெல்லாம் நஷ்டம்தான். நூற்றைம்பது ரூபாய் ஒயரைக் காப்பாற்ற அவர் செலவழிக்கும் பஸ் காசும் டீக்காசும் ஒயர் விலையைத் தொட்டுவிடும். ஆனால் மாமாவுக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மூன்றாவது மாடிப் பையன், மறுநாள் இன்டர்வியூ வைத்துக்கொண்டு, லேப்டாப் சார்ஜரை நீட்டி "அங்கிள், கொஞ்சம் பாருங்க" என்று வாசலில் நிற்பான். கடை எல்லாம் அடைத்த நேரம். மாமா ஒன்றும் பேசாமல் சட்டைப்பையைத் தடவுவார்.

உங்கள் குடியிருப்பிலும் ஒருவர் இருந்தால் சார்ஜர், ஹெட்போன், சாவிக்கொத்து எதை வேண்டுமானாலும் தைரியமாகக் கொடுங்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் ட்யூபை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். அதில் வெடிப்பு விட்டால் மேலே உறை போடக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புது ட்யூப்தான் மாட்ட வேண்டும். வெடிப்பு இல்லாவிட்டாலும் சுரக்ஷா ரக ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.