ஏறியது எழுபது அடி

கனடாவிலிருந்து மச்சான் வந்தால் சொக்லட் கொண்டுவருவார், முழங்கால் வலிக்கு ஏதாவது தைலம் கொண்டுவருவார், தனக்குப் பற்றாத சட்டைகளை எனக்குப் பற்றும் என்று கொண்டுவருவார். போன ஆடி மாதம் வந்தவர் ஒரு ரொக்கெட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

"புள்ளைக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தார். பெட்டியில் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சடித்திருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு. நிபந்தனைக்குப் பொருந்தியதால் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். பத்தாம் ஆண்டில் படிக்கிற மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் மாஸ்டர். எட்டு வேற்றுமையையும் தூக்கத்தில் சொல்வேன். நியூட்டனின் மூன்று விதிகளில் ஒன்றரைதான் தெரியும். வீட்டில் சுவருக்கு ஓர் ஆணி தேவைப்பட்டால் என் மனைவி முதலில் செய்கிற வேலை, சுத்தியலை என் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுவதுதான். அப்படிப்பட்டவன் மறுநாளே ஆசிரியர் அறையில் போய், "வீட்டில் ரொக்கெட் செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னேன். அதுதான் வினை. தாழ்த்திச் சொன்னது எதுவும் எங்கள் ஊரில் தங்குவதில்லை.

பெட்டிக்குள் இருந்தவை: மட்டைக் குழாய் ஒன்று, பிளாஸ்டிக் மூக்கு ஒன்று, ஊதினால் பறக்கிற பால்சா மரத்தகட்டில் மூன்று செட்டைகள், ஓர் இறப்பர் நாடா, ஆறு நூல் கட்ட வேண்டிய செம்மஞ்சள் பிளாஸ்டிக் பரசூட். இவை போக, சோடா உறிஞ்சுகிற குழாய் மாதிரி விரல் நீளத்தில் ஒன்று கிடந்தது. கட்டித் தருகிறவனுக்குக் களைப்பாக இருக்கும் என்று கம்பெனிக்காரன் போட்டிருப்பான் என்று நினைத்து அதைக் குப்பையில் எறிந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஏவுதளத்தில் நிற்கிற இரும்புக் கம்பியில் ரொக்கெட்டைக் கோப்பதற்கு அதுதான் வழி. முதல் மூன்றடிக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் போனால்தான் அதன் பிறகு செட்டை தன் வேலையைச் செய்யுமாம்.

செட்டைகளை ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழாயைச் சுற்றி நூற்றிருபது பாகைக்கு ஒன்றாக ஒட்டி, காயும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். நான் அசையவில்லை. காய்ந்த பிறகும் அசைய முடியவில்லை. கட்டைவிரலை விடுவிக்க மனைவி சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். கடைசியில் கணக்குப் பார்த்தால் ரொக்கெட்டில் இரண்டு செட்டைகளும், சாப்பாட்டு மேசை விரிப்பில் ஒன்றும் ஒட்டியிருந்தன. விரிப்பில் இருந்ததுதான் நேராக இருந்தது.

இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவரும் பெரிய விஞ்ஞானி இல்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கம் நோர்ஃபோக் என்ற சின்ன ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர். 1954இல் முதல் மாதிரி ரொக்கெட்டைச் செய்தார். பிறகு வேர்னன் எஸ்டஸ் என்று ஒருவர் குட்டி எஞ்சின்களை வரிசையாக அடித்துத் தள்ள ஓர் இயந்திரம் கட்டி, அதற்கு மேபல் என்று பெண் பெயரும் வைத்தார். சப்பாத்துக் கடைக்காரருக்கு முடிந்தது தமிழ் மாஸ்டருக்கு முடியாதா என்று மனைவியிடம் கேட்டேன். "அவரு கடையைப் பாத்துக்கிட்டுச் செஞ்சாரா, இல்ல ஒங்கள மாதிரி கொப்பி திருத்தாம செஞ்சாரா?" என்றாள்.

கொப்பி விஷயத்தை விடுங்கள். அன்று இரவுதான் எஞ்சினைத் தேடினேன். பெட்டியில் இல்லை. மேசைக்கடியில் இல்லை. செய்முறைத் தாளைக் கடைசிவரை படித்தேன்: எஞ்சின் தனியே வாங்க வேண்டும், பி6-4 ரகம். மகள்தான் அந்த மந்திரத்துக்குப் பொருள் சொன்னாள். எழுத்து மொத்த வலுவைக் காட்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் வலு இரட்டிக்கும். ஆறு என்பது சராசரியாக எத்தனை நியூட்டன் உந்தும் என்பது. நாலு என்றால், எரிந்து முடிந்து நாலு விநாடி கழித்து உள்ளே ஒரு சின்ன வெடி வெடித்து, மூக்கைத் தள்ளிப் பரசூட்டை வெளியே விடும். எல்லாம் கருமருந்து வேலை. விமானத்தில் பயணப் பெட்டியில் கொண்டுவர விடமாட்டார்கள். மச்சானுக்கு அது தெரியும். தெரிந்துதான் எஞ்சின் இல்லாத ரொக்கெட்டை டொரொன்டோவிலிருந்து சுமந்துவந்திருக்கிறார்.

இங்கே வாங்கலாமே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதே 1956இல்தான் ஆதர் சீ. கிளார்க் இந்த நாட்டில் குடியேறி, சாகும்வரை இங்கேயே இருந்து விண்வெளிக் கதை எழுதினார். அவர் கடதாசியில் மட்டும் ரொக்கெட் விட்ட மர்மம் எனக்கு அன்று விளங்கியது.

மனைவிக்கு வேறு கவலை. "ஒரு தமிழாளு வீட்டுக்குள்ள உக்காந்து ரொக்கெட் செய்யிறாருன்னு எவனாவது போன்ல சொன்னா போதும். போன்ல அந்தச் சொல்லையே சொல்லாதீங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'அந்தச் சாமான்'. அப்படியும் மனம் கேளாமல் கிராம சேவகரிடம் போனேன். பலா மரம் வெட்ட அனுமதி கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். பலாவுக்குப் படிவம் இருந்தது. ரொக்கெட்டுக்கு இல்லை. அவர் நிதானமாகக் கேட்டார்: "மாஸ்டர், எஞ்சின் இருக்கா?"

"இல்லை."

"அப்ப அது குழாய். குழாய்க்கு அனுமதி வேணாம்."

சட்டப்படி குழாயோடு வீடு திரும்பினேன். இராவணனுக்கும் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இராவணன் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஊர்க்காரர். எல்லயில் அவர் பெயரில் நீர்வீழ்ச்சியும் குகையும் இருக்கின்றன. புஷ்பக விமானம் வைத்திருந்தவர்தான். ஆனால் அதை அவர் ஒட்டிச் செய்யவில்லை, குபேரனிடம் பறித்தது. 2019இல் இலங்கையின் முதல் ஆய்வுச் செயற்கைக்கோளுக்கு 'ராவணா-1' என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். இரண்டு கையாலும் ஏந்தலாம். ஏறக்குறைய ஒரு கிலோ. அதுவும் அமெரிக்க ரொக்கெட்டில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் மாதம் அங்கிருந்துதான் வெளியே விடப்பட்டது. எஞ்சின் விஷயத்தில் இராவணன் பரம்பரையே அடுத்தவர் கையை நம்பித்தான் இருந்திருக்கிறது.

கடைசியில் நான் நம்பியது மகளின் கையை. ஒன்றரை லீற்றர் ஜிஞ்சர் பியர் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயைத் தக்கையால் இறுக்கி, தக்கைக்குள் சைக்கிள் டியூப் வால்வைச் செருகி, கவிழ்த்து நிறுத்திப் பம் அடிக்க வேண்டும். உள்ளே நெருங்குகிற காற்று, தக்கையால் தாங்க முடியாத நேரத்தில் தண்ணீரைக் கீழே தள்ளும். போத்தல் மேலே போகும். அவ்வளவுதான். நெருப்பும் இல்லை, சட்டமும் இல்லை. ரெஜிபோமில் பெரிய செட்டைகளை அவளே வெட்டினாள். நான் ஒட்டிய குழாயில் மேல் பாதியை மட்டும் மூக்கோடும் பரசூட்டோடும் எடுத்துப் போத்தலின் முதுகில் ஏற்றினாள். மிச்சப் பாதியை என்ன செய்ய என்று கேட்டேன். "நினைவுக்கு வச்சுக்கங்கப்பா" என்றாள்.

பரசூட் நூல்தான் படுத்தியது. ஆறு நூலும் ஒன்றையொன்று கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். தெமோதரையில் ரயில் பாதையைச் சரிவில் இறக்க வழி தெரியாமல் என்ஜினியர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டினார், அதைப் பார்த்துத்தான் வளையம் போட்டார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அங்கே ரயில் தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. 1924இல் பதுளைவரை வந்து சேர்ந்தும்விட்டது. எனக்கு வந்து சேர்ந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. முப்பது வருஷம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து எடுத்தவர். நூல் ஆறையும் விரலிடுக்கில் பிரித்துப் பிடித்து, ஓர் உதறு உதறினார். பிளாஸ்டிக்கை வெற்றிலை மாதிரி நீளவாக்கில் மடித்து, நூலை மேலே சுற்றாமல் பக்கத்தில் வைத்தார். "சுத்துனா சிக்கும் மாஸ்டர். கயிறு எப்பவும் தொங்கணும்." தாளில் இதே விஷயத்தை ஒரு பக்கப் படம் போட்டுச் சொல்லியிருந்தான்.

இனி இடம். ரொக்கெட் விடச் சமதரை வேண்டும் என்று தாள் சொல்கிறது. ஊவாவில் சமதரை கேட்பது மன்னாரில் மலை கேட்பது போல. தியத்தலாவைப் பக்கம் கொஞ்சம் திறந்த வெளி உண்டு. ஆனால் அது இராணுவ முகாம். 'அந்தச் சாமானோடு' அங்கே போகிற யோசனையை மனைவியிடம் நான் சொல்லக்கூட இல்லை. தோட்டத் தலைவரிடம் கேட்டுக் காமன் பொட்டலைப் பிடித்தோம். மாசியில் மன்மதனை எரிக்கிற இடம். ஆவணியில் தண்ணீர் ரொக்கெட்.

மாதம் நான் பார்த்து வைத்தது. தென்மேற்குப் பருவம் அட்டன், நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வெறும் காற்றாக இறங்குகிற காலம். அந்த வறண்ட காற்று பட்டுத்தான் கொழுந்தில் அந்த மணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலை உலகத்தில் பேர் வாங்கியது இந்த இரண்டு மூன்று மாதக் கொழுந்தால்தான். மழை இல்லை என்பதைக் கவனித்தேன். ஏன் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை லயத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நான் பம், மகள் கணக்கு. எழுபது அடி தள்ளிப் பாகைமானியோடு நின்றாள். போத்தல் உச்சிக்குப் போகும்போது கோணம் நாற்பத்தைந்து பாகை வந்தால், உயரமும் எழுபது அடி. பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். பத்து, ஒன்பது... ஒன்று, பூச்சியம். போத்தல் நகரவில்லை. தக்கைக்கு எண் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும்: "மறை ஒன்று! மறை இரண்டு!" என்று தொடர்ந்தார்கள். கணக்கு டீச்சர் மூன்று தவணையாகத் தலையால் தண்ணி குடித்தும் ஏறாத மறை எண்கள், அன்று மறை பதினேழுவரை பிசகில்லாமல் வந்தன. மறை பதினேழில் வெடுக்கென்று ஒரு சத்தம். ரொக்கெட் பக்கவாட்டில் போய்க் காட்டு மல்லிகைக்குள் நுழைந்தது. தண்ணீர் முழுக்க என்மேல்.

இரண்டாவது நன்றாகத்தான் ஏறியது. மூக்கு கழலாமல் அப்படியே தலைகீழாக வந்து குத்தியது. மூன்றாவதற்கு மகள் மூக்கைக் கொஞ்சம் தளர்த்தினாள். மறை ஒன்பதில் புறப்பட்டது. காலைவெயிலில் தண்ணீர்த் தாரை வெள்ளையாக நின்றது. அதன் நுனியில் போத்தல். மகள் "நாப்பத்தஞ்சு!" என்று கத்தினாள். உச்சியில் ஒரு கணம் சோம்பல் முறிப்பது மாதிரி நின்று, மூக்குக் கழன்று, பாட்டி மடித்த பரசூட் பூ மாதிரி விரிந்தது. நான் கை தட்டினேன். என் வாழ்க்கையில் நான் தொட்ட ஒரு பொருள் தான் செய்ய வேண்டியதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

பிறகு காற்று வந்தது. போத்தல் பொட்டலின் விளிம்பைத் தாண்டியது. பொட்டலுக்கு அந்தப் பக்கம் தரை கிடையாது, சரிவுதான். எங்கள் கண்மட்டத்துக்கு வந்தது, கால்மட்டத்துக்கு வந்தது, இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. நமுனுகுலை மலையைப் பார்த்தபடி ஆடி ஆடி, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணிய கணக்குத் தேயிலைக்குள் செம்மஞ்சள் புள்ளியாகி மறைந்தது. தேடிப் போனேன். கவ்வாத்து வெட்டிய மலை. குத்துகள் முழங்கால்வரை கீறின. கிடைக்கவில்லை. திரும்பி ஏறும்போது படிகளை எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு. படிக்கு முக்கால் அடி. ஏறியது எழுபது அடி, இறங்கியது முந்நூறு அடிக்கு மேல். நாசாவிடம் கேட்டால் இதை ரொக்கெட் என்று சொல்லமாட்டார்கள். நல்ல முறையில் கட்டிய பாரம் என்பார்கள்.

திங்கள் சாயந்தரம் பணிய கணக்கிலிருந்து ஒரு அக்கா படங்கோடு வாசலில் வந்து நின்றார். கையில் போத்தல், பரசூட், மூக்கு, எல்லாம் பத்திரம்.

"மாஸ்டர், ஒங்க ஆகாசப் போத்தலு. வாதுக்குள்ள கெடந்துச்சு, கூடையில போட்டு வச்சிருந்தேன். மடுவத்துல நிறுக்குறவரு எடுத்துப் பாத்துட்டு, இதையும் சேத்தா நிறுக்குறேன்னு மூணு கிலோ வெட்டிட்டாரு."

அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தேன். நூற்று நாற்பது கிராம். மனைவி ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, என் சட்டைப் பையில் கைவிட்டு மூன்று கிலோவுக்குரிய காசை எடுத்து நீட்டினாள். அக்கா முதலில் வேண்டாம் என்றார். பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, படி இறங்கும்போது திரும்பினார்.

"இன்னொரு தடவ விட்டீங்கன்னா எங்க மலைக்கு விடாதீங்க மாஸ்டர். பத்தாம் நம்பர் மலைக்கு விடுங்க. அங்க நிறுக்குறவரு நல்ல மனுசன்."

மகள் அப்போதே ஜன்னலைத் திறந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.