முதலிடத்துக்குக் கிடைத்த மரியாதை

கேள்வி: 2024 பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோதும் இடதுசாரி வாக்காளர்கள் வீதியில் இறங்கி ஆடிப்பாடியது ஏன்?

பதில்: ஜூலை 7 இரவு பாரிஸின் ரிபப்ளிக் சதுக்கத்தில் திரண்டவர்கள் தங்கள் வெற்றியைவிட, முதல் சுற்றில் முன்னணியில் நின்ற தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய அணி மூன்றாம் இடத்துக்குச் சரிந்ததையே பெரிதும் கொண்டாடினர். 577 இடங்களில் பெரும்பான்மைக்கு 289 வேண்டும் என்றிருக்க, சுமார் 180 மட்டுமே பெற்ற இடதுசாரிக் கூட்டணியான புதிய மக்கள் முன்னணிக்கு அந்தக் கணக்கு மறுநாள் காலையில்தான் உறைத்தது.

இதில் வேடிக்கை, 'குடியரசு முன்னணி' எனப்படும் ஏற்பாட்டில், அதாவது தீவிர வலதுசாரியைத் தோற்கடிக்கப் பின்தங்கிய வேட்பாளர் இரண்டாம் சுற்றிலிருந்து விலகிக்கொள்ளும் வழக்கத்தில் இருந்தது. ஓய்வு வயதை 64ஆக உயர்த்தியதற்காக யாருக்கு எதிராகத் தெருவில் முழக்கமிட்டார்களோ, அந்த முன்னாள் பிரதமர் எலிசபெத் போர்னின் தொகுதியிலும் இடதுசாரி வேட்பாளர் விலகினார் என்பதால், அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களிப்பது ஒரு கொள்கைக் கடமையாயிற்று.

பிரதமர் வேட்பாளராக லூசி காஸ்தேயின் பெயரை ஒப்புக்கொள்ளவே கூட்டணிக்குப் பதினாறு நாட்கள் பிடித்தன. பிரதமரை நியமிக்கும் அதிகாரம் அரசமைப்பின்படி குடியரசுத் தலைவருக்கு உரியது; மக்ரோனோ ஒலிம்பிக் போட்டிகள் முடியும்வரை காத்திருந்து, செப்டம்பர் 5 அன்று, நான்காமிடம் பெற்ற மரபுவழி வலதுசாரிக் கட்சியின் மிஷெல் பார்னியேயை அப்பதவியில் அமர்த்தினார். டிசம்பரில் அந்த அரசைக் கவிழ்த்தபோது இடதுசாரிகளோடு சேர்ந்து வாக்களித்தது, ஜூலையில் அவர்கள் தடுத்து நிறுத்திய அதே தேசிய அணிதான்.