மீன்களுக்கு ஓர் அன்னதானம்

கொல்கத்தாவில் நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டப் பாட்டுக் கச்சேரி வைப்பது வீண் வேலை. டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் தங்களுக்கும் மேடையில் ஒரு பாட்டு வேண்டும் என்பார்கள். விவரம் தெரிந்த கிளப் செயலாளர்கள் குளத்தைத்தான் நம்புவார்கள்.

லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் தெருக் கிளப்பும் அப்படித்தான். இந்தக் கிளப்புகள் வருடம் முழுவதும் கேரம் ஆடும், துர்கா பூஜைக்குப் பந்தல் போடும், நடுவில் மனசாட்சி உறுத்தினால் ரத்ததான முகாம் வைக்கும். இந்தத் தடவை தலசீமியா குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றும் செலவுக்காக, பூஜைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தூண்டில் போட்டி அறிவித்தார்கள். கரியாவைத் தாண்டி ஒரு குளம். பாஸ் இரண்டாயிரம் ரூபாய். ஆளுக்கு இரண்டு தூண்டில். காலை டிபன், மதியச் சாப்பாடு உண்டு. பிடித்த மீன் பிடித்தவருக்கே. ஒரு கிலோவுக்குக் குறைந்தவற்றை மட்டும் மரியாதையாகத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

"இந்தக் காசுக்குக் கரியாஹாட் சந்தையில் பை கொள்ளாமல் ரூயி வாங்கலாமே, தாதா" என்றேன் மேல்வீட்டுக்காரரிடம்.

"வாங்குவதா? மீனையா?" என்றார். தினமும் காலையில் அதே சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரரிடம் பரம்பரைச் சண்டை போட்டுவிட்டு வருகிறவர் அவர்.

நான் தூத்துக்குடிக்காரன். சீலாவும் விளைமீனும் தின்று வளர்ந்த நாக்கு. குளத்து மீனில் சேற்று வாடை அடிக்கும் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. இதைக் கொல்கத்தாவில் வாய்விட்டுச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது. கல்யாணத்தில் மஞ்சள் பூசும் நாளன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போகும் சீர்வரிசையில், ஒரு முழு ரூயி மீனுக்குச் சேலை கட்டி, நகை போட்டு, பொட்டு வைத்து அனுப்புகிற ஊர் இது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, பாண்டிய ராஜாக்களின் சின்னமே கெண்டை மீன்தான் என்று நான் எப்போதோ சொன்னதை தாதா எடுத்துப் போட்டார். "உங்கள் ராஜா கெண்டையைக் கொடியில் போட்டார். எங்கள் ராஜாவாக இருந்தால் தட்டில் போட்டிருப்பார். ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே!"

அதோடு விடவில்லை. ஹெச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்காரர் இந்திய மீன்பிடிப்பைப் பற்றி 1873-ல் ஒரு புத்தகமும், குளத்தில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-ல் இன்னொரு புத்தகமும் எழுதியிருக்கிறார். அவர் மெட்ராஸ் சிவில் சர்வீஸ்காரர். ஆகவே குளத்துத் தூண்டில் கலை நான் பிறந்த மாகாணத்துச் சொத்து என்று தாதா முடிவு கட்டிவிட்டார். பாஸ் வாங்காமல் தப்பிக்க வழியில்லை.

ஏற்பாடுகள் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தன. தூண்டில் போடுவதற்கு முன் மீன்களை ஓரிடத்தில் கூட்டுவதற்காகத் தண்ணீரில் தீனி கொட்டுவார்கள். அந்தத் தீனியின் செய்முறையை வங்காளி தன் மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். தாதா மொட்டைமாடியில் ஒரு மண்பானையை வைத்து, வாயில் துணி கட்டி, அதைப் பூனையும் மனைவியும் நெருங்காமல் காவல் காத்தார். உள்ளே கடுகுப் புண்ணாக்கு ஊறுகிறது, சோறு புளிக்கிறது என்பது மட்டும் தெருமுனை வரை தெரிந்தது. மற்றதெல்லாம் பொடிகள். ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, இளகிய மனதோடு பொட்டலங்களைப் பிரித்துக் காட்டினார். வறுத்த வெந்தயம், வசம்பு, ஜடாமாஞ்சில், கஸ்தூரி வெண்டை விதை, ‘ஏகாங்கி’ என்று இங்கே சொல்லும் கச்சோலக் கிழங்கு. நம் ஊர்ப் பாட்டி பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து இழைப்பதுபோல ஒவ்வொன்றையும் கல்லில் உரசி, மோந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். கொக்கியில் குத்துவதற்குச் செவ்வெறும்பு முட்டை தனியாக வந்தது. தேனும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவு வேறு.

"எனக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தப்போ ஒரு மிளகு ரசம் கிடைக்கல" என்று வாசற்படியில் நின்று பௌதி, அதாவது தாதாவின் மனைவி, பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குளக்கரையில் மூங்கிலால் கட்டிய ‘மாச்சா’ மேடைகள் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. யாருக்கு எந்த மாச்சா என்பது சீட்டுக் குலுக்கலில். விடியற்காலையிலேயே ஆளாளுக்குப் பானையைக் கவிழ்த்துவிட்டார்கள். குளம் முழுக்க நாட்டு மருந்துக்கடை வாசம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரூயி நடுத்தண்ணீரில், மிர்கால் அடிச்சேற்றில். மூன்று ஜாதிக் கெண்டையும் ஒரே குளத்தில் தகராறு இல்லாமல் பிழைக்கின்றன. கரையில் அப்படி முடியவில்லை. மீன் குழம்பில் சர்க்கரை சேர்க்கலாமா என்று மேற்கு வங்கத்து ‘கோட்டி’யும், கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’காரரும் டிபனுக்கு வந்த லூச்சிப் பூரி ஆறும் வரை மோதிக்கொண்டார்கள். அது வழக்கப்படி மோகன் பகானா ஈஸ்ட் பெங்காலா என்று திரும்பியது. 1889-ல் பிறந்த கிளப்புக்கும் 1920-ல் பிறந்த கிளப்புக்கும் நடக்கும் சண்டையில் ஒரு தமிழன் வாயைத் திறக்காமலிருப்பது உத்தமம்.

நடுவில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரிக்கு எல்லோரும் ஒருமனதாக ஒரு கும்பிடு போட்டார்கள். இந்தக் கெண்டைகள் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடாது. மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். அந்தக் காலத்தில் மீன்குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10-ம் தேதி கட்டக்கில் அவர் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை இனப்பெருக்கம் செய்ய வைத்தார். ஜூலை 10-ஐ இன்றைக்கும் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். "ஊசி போட்டு முட்டையிட வைத்தவர், கொக்கியைக் கடிக்க வைக்க ஒரு ஊசி கண்டுபிடித்திருக்கலாம்" என்றார் தாதா. ஏனென்றால் பத்து மணி வரை ஒரு மீனும் கடிக்கவில்லை.

காரணம் எனக்கே புரிந்தது. அத்தனை பானைத் தீனியையும் வயிறு முட்டத் தின்ற மீன், எதற்குக் கொக்கியோடு வரும் ஒரு கடுகளவு மாவுக்கு வாயைத் திறக்க வேண்டும்? மயிலிறகுத் தண்டில் செய்து நுனியில் சிவப்புப் பூசிய மிதவைகள் வரிசையாக நின்றன. என்னுடையது ஒரே ஒரு தடவை லேசாகச் சிலிர்த்தது, சாய்ந்தது, பக்கவாட்டில் சறுக்கியது. "டான்! டான்!" (இழு! இழு!) என்று நாலு கரையும் கத்த, வெடுக்கென்று இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு திலேப்பியா. அதாவது நம் ஊர் ஜிலேபி மீன். காலை டிபனிலும் ஜிலேபிதான் போட்டிருந்தார்கள்.

வடக்குக் கரையில் ஒரு மாச்சா மட்டும் காலியாக இருந்தது. எங்கள் தெருவின் மார்வாடி நண்பருக்கு விழுந்த இடம் அது. புர்ராபஜாரில் துணி வியாபாரம். பூண்டுகூடச் சேர்க்காத சைவம். குழந்தைகளுக்காக என்று காசைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார் என்று நினைத்தோம். பதினொரு மணிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மனைவி கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதில் உருண்டை உருண்டையாகக் கோதுமை மாவு. மாச்சாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஏதோ முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்கள். நம் ஊர்த் தெப்பக்குளங்களில் பொரி போடுவோமே, அந்தப் புண்ணியம்தான்.

வசம்பும் கஸ்தூரியும் தின்று சலித்த மீன்களுக்கு வெறும் மாவு அமிர்தமாகப் பட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குமிழிகள் எல்லாம் அடங்கி, வடக்குக் கரையில் தண்ணீர் கொதித்தது. தலையணை அகலக் கட்லா ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனது. தாதா எழுந்து நின்றுவிட்டார்.

போட்டி நிறுத்தப்பட்டது. கமிட்டி கூடியது. "இது அநியாயம்!" "எது அநியாயம்? பாஸ் வாங்கியிருக்கிறார்." "தூண்டில் இல்லையே!" "ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றுதானே விதி? இல்லாமலிருக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது?" கமிட்டியில் ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் இருந்தது எங்கள் துரதிர்ஷ்டம். விவாதத்தில் இரண்டு சுற்று டீயும் ஒரு பட்டை ஜெலூசில் மாத்திரையும் தீர்ந்தன. சத்தம் கேட்டு மார்வாடி நண்பர் எழுந்து வந்து, கைகூப்பி, "ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, பாய் சாப்?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் "இல்லை, இல்லை" என்றோம்.

மதியம் ஆட்டுக்கறி. மீன் கிடைக்காது என்று செயலாளருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவர் கெட்டிக்காரர். சாயங்காலம் ஒன்றரைக் கிலோ மிர்கால் ஒன்றுக்கு முதல் பரிசாக ஒரு பிரஷர் குக்கர் போனது. இரண்டாம் பரிசுக்கு மீனே இல்லை. தராசுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். வசூல் மட்டும் குறைவில்லை. கிளம்பும்போது மார்வாடி நண்பர், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனதாகச் சொல்லி, அடுத்த வருடத்துக்கு இப்போதே நாலு பாஸுக்குப் பணம் கட்டினார். அதே இடம்தான் வேண்டும் என்றார்.

அவருக்கு வலப்பக்கத்து மாச்சாவை எனக்கு எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்று செயலாளரின் மேஜைக்குப் போனேன். தாதா எனக்கு முன்னால் நின்று, ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.