அகத்தண்டமும் புறத்தண்டமும்

பள்ளித் தண்டனை அகத்தண்டம், புறத்தண்டம் என இரு திணைப்படும். எல்லை பள்ளிக்கூட கேட். கேட்டுக்கு உள்ளே நிகழ்வது அகம். கேட்டைத் தாண்டச் செய்வது புறம். காதலும் போரும் இந்நூலின் பொருளல்ல, தண்டனைக்குக் காரணமாவன என்ற அளவில் மட்டும் ஏற்கப்படும். நிலம், திருப்பூர்.

அகத்தண்டத்தில் தொன்மையானது பிரம்பு. தமிழ்நாடு 2003-இல் கல்வி விதிகளைத் திருத்தி அதை விலக்கியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுத்தது. ஆதலால் பிரம்பு இறந்த வழக்கு என்பர் ஒரு சாரார். ஸ்கேலும் டஸ்டரும் அதன் திரிபுகள் என்பர் மறுசாரார். பயன் யாது? 1938-இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், நெம்புகோலை அழுத்திய எலிகளின் பாதத்தில் அடிபடச் செய்தார். கொஞ்ச நேரம் அடங்கியிருந்த எலிகள், அடி நின்றதும் விட்டதைப் பிடித்துவிட்டன. நம் பி.டி. வாத்தியார்கள் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவை வைத்தே இதைக் கண்டறிந்திருப்பார்கள். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

முட்டி போடுதல், தோப்புக்கரணம் முதலியன பிரம்பின் பங்காளிகள். விரிக்க வேண்டா.

இம்போசிஷன் விரிக்கத்தக்கது. 'இனி தாமதமாக வர மாட்டேன்' நூறு முறை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் வீட்டுப் பிள்ளை இதைத் தண்டனையாகப் பார்ப்பதில்லை, ஆர்டராகப் பார்க்கிறான். ஆளுக்கு இருபத்தைந்து வரி என நால்வருக்கு ஜாப் ஒர்க் விடுகிறான், கூலி, முறுக்கு. வந்த சரக்கைச் செக்கிங் பார்த்து, கையெழுத்து ஒத்துப்போகாததை டேமேஜ் என்று தள்ளுகிறான். ஆசிரியர் எண்ணுகிறார், படிப்பதில்லை. தாமதமோ நிற்பதில்லை. எட்டரைக்கு அம்மா கம்பெனியில் இருந்தாக வேண்டும். தங்கச்சியைக் கிளப்பி விடுவது அவன் பொறுப்பு.

வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தல், கேட்டைத் தாண்டாமையின், அகப்புறம்.

இனிப் புறத்தண்டம். 'அம்மாவைக் கூட்டிட்டு வா' என்பதில் குற்றம் மகனது, அபராதம் தாயது. பத்து மணிக்கு ஹெச்.எம். அறைக்கு வந்தால் அரை ஷிப்ட் போயிற்று. சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். கணக்கில் சுழியமே வாங்குபவனுக்கும் இந்தக் கணக்கு வரும். வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறான். சொல்லாமல் வகுப்புக்கும் போக முடியாது. ரோட்டில் நிற்கிறான். எதிரே 'ஆட்கள் தேவை: டெய்லர், செக்கிங், கைமடி' என்று போர்டு. கைமடிக்கு முன் அனுபவம் கேட்பதில்லை.

புறத்தின் உச்சம் டி.சி. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றலாகாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பியவரை ஆபத்தில்லாத வேலையில் வைக்க விடுகிறது. ஆக, ஒன்பதாம் வகுப்பு வாசலில் இரண்டு சட்டங்களும் சேர்ந்தாற்போல் கையை எடுத்துக்கொள்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தை நினைத்துக் கவலைப்படும் பள்ளிகள் ஒழுக்கத்தைக் கூர்ந்து நோக்கத் தொடங்குவதும் அதே வகுப்பில்தான். தற்செயல் என்பார் உரையாசிரியர். அது பொருந்தாது.

டி.சி.யில் 'ஒழுக்கமும் பண்பும்' என்று ஓர் இடம் உண்டு. அடங்காதவன் என்று அனுப்பப்படுகிறவனுக்கும் அங்கே 'நன்று' என எழுதுவதே மரபு. கம்பெனியில் அதை யாரும் கேட்பதில்லை. ஆதாரில் வயதை மட்டும் பார்ப்பார்கள், அதுவும் பையர் ஆடிட் வரும் மாதம் என்றால்.