மலையே கண்ணில் படாமல் கொடைக்கானலில் கூடாரம் போடுவது எப்படி?

கொடைக்கானலுக்குப் போய் லாட்ஜில் ரூம் எடுப்பதெல்லாம் பழைய பழக்கம். ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதித்து, கோக்கர்ஸ் வாக்கில் மக்காச்சோளம் கடித்து, ஹோம்மேட் சாக்லேட்டும் தைல பாட்டிலுமாக இறங்கி வந்த தலைமுறை ரிட்டயர் ஆகிவிட்டது. இப்போது எல்லாம் டென்ட் ஸ்டே. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி என்று மேல்மலைக் கிராமங்களில் கேரட் விளைந்த பாத்திகளில் நீலமும் ஆரஞ்சுமாகக் கூடாரம் விளைகிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு கவலை இருக்கும். அவ்வளவு பக்கத்தில் மலை இருந்தால் அது நம்மைத் தொந்தரவு செய்யாதா? செய்யாது. கொஞ்சம் திட்டம் போட்டால், ஏழாயிரம் அடி உயரத்தில் ஓர் இரவு முழுக்க இருந்துவிட்டு, மலையை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பிவிடலாம்.

புக் பண்ணும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். போனில் கேட்கவேண்டியவை: லேக் வியூ உண்டா, பார்பிக்யூ உண்டா, வைஃபை எடுக்குமா, ஸ்பீக்கர் நாங்கள் கொண்டுவரலாமா. கேட்கக் கூடாதது ஒன்றுதான்: "அனுமதி இருக்கா?" இதைக் கேட்டால் எதிர்முனையில் சட்டென்று சிக்னல் போய்விடும். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் என்று 2013-இல் அறிவித்த பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் எல்லை எங்கே முடிகிறது, கேரட் தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது ராத்திரி மேய வரும் காட்டு மாட்டுக்குத் தெரியாது. டென்ட் போட்டவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார். அனுமதியில்லாத கூடாரங்களை அதிகாரிகள் வந்து பிரிக்க வைத்ததாக அவ்வப்போது பேப்பரில் வரும். நீங்கள் போகிற அன்றைக்கு வராது என்று நம்புங்கள்.

அடுத்தது இ-பாஸ். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, கொடைக்கானல் போகும் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். காசு கிடையாது, ஐந்து நிமிஷ வேலை. ஆகவே அதை வீட்டில் செய்துவிடாதீர்கள். வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தும்போதும் செய்யாதீர்கள். வெள்ளி அருவிப் பக்கம் சோதனைச்சாவடியில், பின்னால் வரிசையாக ஹாரன் அடிக்க, சிக்னலுக்காகப் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு செய்யுங்கள். கோடை சீசனில் வார நாளுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 6,000 என்று 2025-இல் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்துப் பார்த்தது. அந்த ஆறாயிரத்தில் ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, "எதுக்குத்தான் இவ்ளோ பேர் வர்றாங்களோ" என்று அலுத்துக்கொள்வது பயணத்தின் முக்கியமான சடங்கு.

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தண்ணீரே இருபது ரூபாய், அதற்கு வரியும் இருபதா என்று நியாயம் பேசுங்கள். பேசி முடித்ததும் மிச்ச பாட்டில்களை ஸ்டெப்னிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இறங்கும்போது அவை வண்டியில் இருக்காது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கூடாரத்துக்கு இடம் தேர்வு செய்வது ஒரு கலை. பள்ளமாக, தண்ணீருக்குப் பக்கமாக, புல் மெத்தென்று இருக்கிற இடமாகப் பாருங்கள். போட்டோவுக்கு அதுதான் எடுப்பு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் மேட்டுத் தெருவில் வெறும் குளிர் என்றால், ஏரிக்கரைப் புல்லில் உறைபனி உப்பு தூவியதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரும் பள்ளத்தில் வீடு கட்டாததை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். அவர்களுக்கு வியூ பற்றிய அறிவு இல்லை.

மாலை ஆறரைக்கு கேம்ப் ஃபயர். கட்டை ஈரமாக இருக்கும். அனேகமாக வாட்டில். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்ட மரம், மேல்மலைப் புல்வெளிகளை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. அதை எரிப்பதுதான் இந்த முகாம் மலைக்குச் செய்கிற ஒரே உபகாரம். அதுவும் சரியாக எரியாது. முகாம்காரத் தம்பி டீசல் ஊற்றுவார். குப்பென்று எரியும், எல்லாரும் கைதட்டுவார்கள், அணையும், மறுபடி ஊற்றுவார். சிக்கனில் டீசல் வாசம் வருவது அப்படித்தான்.

ஸ்பீக்கரை மறக்காமல் கொண்டுபோங்கள். முதலில் குத்துப்பாட்டு. பத்து மணிக்கு மேல் குணா படத்துப் பாட்டு. டெவில்ஸ் கிச்சன் என்றிருந்த இடத்தை குணா குகை ஆக்கிய படம் 1991-இல் வந்தது. 2024-இல் மஞ்சும்மல் பாய்ஸ் படம் வந்த பிறகு அந்தப் பாட்டைப் போடாமல் கொடைக்கானலில் யாரையும் தூங்க விடுவதில்லை. பக்கத்து முகாமிலும் அதே பாட்டு நான்கு விநாடி பின்தங்கி ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. தலைக்கு மேல் பால்வீதி தெரிகிறதே என்று யாராவது அண்ணாந்தால் கவலை வேண்டாம். அதற்காகத்தான் கூடாரத்துக்குக் கூடாரம் சீரியல் லைட் கட்டியிருக்கிறார்கள்.

சமையல் நாமே செய்வோம் என்று சீரக சம்பாவோடு வரும் கோஷ்டிகள் உண்டு. வரவேற்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள், அரிசி அப்படி நினைக்காது. உருளைக்கிழங்கு இன்னும் பிடிவாதம். மூடிக்கு மேல் கல் வைத்து, அதன் மேல் இன்னொரு கல் வைத்து, ராத்திரி பதினொன்றரைக்கு நடுவில் வேகாத அரிசியோடு ஒரு பிரியாணி சாப்பிடலாம். அன்றைக்கு மேல்மலையில் அடுப்படியில் குக்கர் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் எட்டு மணிக்கே சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

இனி தூக்கம். இரண்டு பேர் டென்ட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடாமல் படுத்தால் போதும் என்ற அர்த்தத்தில். விரித்துத் தரும் பாய், கல்யாண மண்டபத்தில் ஜமக்காளத்துக்கு அடியில் போடுகிற தடிமன்தான் இருக்கும். மேலே மூன்று கம்பளி போர்த்தினாலும் குளிர் கீழே தரையிலிருந்து ஏறும் என்பதை இடுப்பு சொல்லித் தரும். தரை சரிவு. நள்ளிரவுக்குள் இருவரும் உருண்டு ஒரே ஓரத்தில் ஒட்டியிருப்பீர்கள். தேனிலவுக்காரர்களுக்கு இது சௌகரியம், ஆபீஸ் நண்பர்களுக்கு அல்ல.

சிறுத்தை வரும் என்ற பயத்தில் எல்லா ஜிப்பையும், மேலே இருக்கிற சின்ன வலை ஜன்னல் உட்பட, இழுத்து மூடிவிடுங்கள். நீங்கள் விடுகிற மூச்சுக்காற்றின் ஈரம் முழுக்க உள்பக்கத் துணியில் போய்ப் படியும். முதலில் மஞ்சு படர்ந்த மாதிரி ஒரு மங்கல். பிறகு சின்னச் சின்ன முத்து. இரண்டு முத்து சேர்ந்தால் ஒரு துளி. அது துணியின் சரிவில் மெதுவாக இறங்கி, தையல் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்து நின்று, விடியற்காலை நான்கு மணிக்குச் சரியாக நெற்றிப்பொட்டில் விழும். மழை என்று எழுந்து வெளியே கையை நீட்டினால் வெளியே ஒரு சொட்டு இல்லை. முகாம்காரரைக் கூப்பிட்டு டென்ட் ஒழுகுது என்று சண்டை போடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கணும் அண்ணே என்பார். நம்பாதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் விளையாட்டை நிறுத்திக்கொள்கிறேன். பார்பிக்யூ முடிந்து கரி கனன்றுகொண்டிருக்கிறதே, கதகதப்பாக இருக்குமே என்று அந்த அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ தூக்கிவந்து வைக்காதீர்கள். மூடிய இடத்தில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளிர் தாங்கவில்லையென்றால் எழுந்து காருக்குப் போய் இன்னொரு போர்வை எடுத்து வாருங்கள்.

போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். படுக்கப் போகும் முன் முகாம்காரத் தம்பி சொல்லியிருப்பார்:

"அண்ணே, ராத்திரி பாத்ரூம் போனா லைட் அடிச்சுப் பாத்துட்டுப் போங்க. மாடு நிக்கும்."

"யார் வீட்டு மாடு தம்பி?"

"யார் வீட்டு மாடும் இல்லண்ணே."

முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால், அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு டன் கறுப்பு. கொடைக்கானலில் காட்டு மாடு பஸ் ஸ்டாண்ட் பக்கம்கூட வந்து போகும். நகர மக்கள் வழிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். நீங்கள் ஒதுங்கக் கூடாது. பிளாஷ் போட்டு, முதுகைக் காட்டி நின்று, செல்ஃபி எடுக்க வேண்டும். அது தானாக வரவில்லையென்றால் மிச்ச பிரியாணியையும் வெள்ளரித் தோலையும் கூடாரத்தைச் சுற்றிக் கொட்டிவைத்தால் காட்டுப்பன்றியாவது வரும். பெரிஜம் பக்கம் யானை நடமாட்டம் என்று வனத்துறை சில நாள் பாதையை மூடும்போது, நம் பணத்துக்கு என்ன மரியாதை என்று சோதனைச்சாவடிக் காவலரிடம் கேளுங்கள். யானையிடம் அவர் பேசிப் பார்ப்பார்.

விடியற்காலை ஐந்தேமுக்காலுக்கு யாரோ விசிலடிப்பது கேட்கும். பரீட்சை முடிந்த பள்ளிக்கூடப் பையன் போல, மெட்டும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், ஓடைப் பக்கமிருந்து. அது சீகாரப் பூங்குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைக் கேட்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, காலையில் மேனேஜரிடம் புகார் சொல்லலாம்: "இந்த நேரத்துல யார் சார் விசிலடிக்கிறது?" சூரிய உதயமும் இதற்குச் சற்றுப் பின்னால் நடக்கும். பக்கத்து டென்ட்காரர் ஸ்டேட்டஸில் போடுவார், பத்து மணிக்கு எழுந்து பார்த்துக்கொள்ளலாம்.

செக்-அவுட் முடித்துத் திரும்பும் வழியில் பூம்பாறையில் ரோட்டோரமாகப் பூண்டுக் கட்டு வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் அதிகம், நாள்பட இருக்கும். வடுகபட்டி சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் போவதும் இதுதான். ஒரு ராத்திரி நெற்றியில் தண்ணீர் சொட்டியதற்கு பேரம் பேசாமல் ஜிபே பண்ணிய நம் ஆள், இங்கே வண்டியை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, கிலோவுக்கு முப்பது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசுவார்.

பேசாதீர்கள். அந்த அம்மா சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் எழுதியபடியே கேட்கவேண்டியவை இரண்டுதான்: கரியடுப்பைப் பற்றிச் சொன்னதும், இதுவும்.