தரை என்பது யாது? சோங்சிங் மாநகரில் ஏறுதல், இறங்குதல் பற்றிய ஓர் ஆய்வு

சீனத்தின் தென்மேற்கில், யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் முனையில், மலைமேலும் மலையிடுக்கிலும் மலைக்குள்ளேயுமாக அமைந்த மாநகரம் சோங்சிங். பழைய நிலப்படங்களில் சுங்கிங். ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தில் நாட்டின் தலைநகராக இருந்தது; 1997இல் மத்திய அரசின் நேரடி ஆளுகைக்கு வந்தது. எல்லைக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள். அந்த மூன்று கோடிப் பேருக்கும் தெரிந்து, சுற்றுலாப் பயணிக்கு மட்டும் தெரியாத செய்தி ஒன்று அங்கே உண்டு: தரை எங்கே இருக்கிறது என்பது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இத்துறையில் முன்னோர் நூல் எதுவும் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை.

களப்பணி நான்கு நாள் நடந்தது. ஆய்வாளர் ஒருவர், இணை ஆய்வாளர் ஒருவர், அவர் ஆய்வாளரின் மனைவி. கருவிகளாவன: கைப்பேசி ஒன்று, முழங்கால் நான்கு. நான்கனுள் பழுதற்றவை இரண்டு. அவை ஆய்வாளருடையவை அல்ல.

சிக்கல் முதல்நாள் மாலையே தோன்றியது. கூகுள் நிலப்படம் அந்நாட்டில் உதவாது என்பதால் உள்ளூர்ச் செயலி ஒன்றை நம்பி ஒரு நூடுல்ஸ் கடைக்குப் புறப்பட்டோம். தொலைவு 80 மீட்டர் என்றது. நடந்தோம். வந்துவிட்டீர்கள் என்றது. எதிரே கடை இல்லை. கருங்கல் தடுப்புச் சுவர்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் சுவரின் உச்சிக்கும் மேலே ஆவி பறந்தது. மிளகாய் தாளித்த நெடி மேலிருந்து இறங்கி வந்தது. இணை ஆய்வாளர் சற்று நேரம் அதை முகர்ந்துவிட்டு இந்தத் துறையின் முதல் கண்டுபிடிப்பை வெளியிட்டார்: “ஏங்க, கடை இங்கதான் இருக்கு. நாமதான் இங்க இல்ல.”

அந்த 80 மீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நிலப்படம் தட்டையாக இருக்கிறது, ஊர் தட்டையாக இல்லை; கோளாறு அவ்வளவே. மற்ற ஊர்களில் முகவரி என்பது தெருவும் கதவு எண்ணும். இங்கே உயரமும் சேர வேண்டும். அந்த உயரத்தை எதிலிருந்து அளப்பது என்று கேட்டால்தான் விவகாரம் முற்றுகிறது.

முதலில் மாடிக் கணக்கு. நாம் தரைத்தளம் என்பதைச் சீனர் முதல் மாடி என்பர். ஆகவே அவர்களுடைய எட்டாம் மாடி நம்முடைய ஏழாம் மாடி. இது சிறு பிழை. ஒன்றைக் கழித்தால் தீரும். கழித்தலுக்குக் கட்டுப்படாத கட்டடங்களும் உள. ஆற்றோரத்து ஹோங்யாதோங்கில் 1ஆம் மாடியில் நுழைந்து 11ஆம் மாடிக்கு ஏறி, மொட்டைமாடியை எதிர்பார்த்து வெளியே வந்தால், அங்கே பேருந்து போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் சாலைதான். இன்னும் கடினமான சான்று பைஷியாங்ஜு. பெயரின் பொருள் வெள்ளை யானை இல்லம். 24 மாடி, லிஃப்ட் கிடையாது. ஆனால் 1ஆம் மாடியிலும் சாலை, 10ஆம் மாடியிலும் சாலை, 15ஆம் மாடியிலும் சாலை. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு வாசல். பதினைந்தாம் மாடிக்காரர் ஒரு படிகூட ஏறாமல் வீடு சேர்கிறார். முதல் மாடிக்காரரும் அப்படியே. இருவரும் ‘நான் குடியிருப்பது தரைத்தளம்’ என்று சொன்னால் இருவர் சொல்வதும் மெய். தருக்க நூலார் இதை எப்படித் தாங்குவார்களோ தெரியாது. ஆய்வாளர் தாங்கவில்லை, ‘தரைத்தளம்’ என்ற சொல்லை இக்கட்டுரையில் இனிப் பயன்படுத்தமாட்டார்.

ஊர்ப்பெயராய்வும் இதையே காட்டுகிறது. மெட்ரோ நிலையப் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: லிசிபா, ஷாபிங்பா, தாபிங், யாங்ஜியாபிங், நான்பிங். இவற்றில் வரும் ‘பா’வும் ‘பிங்’கும் சமநிலத்தைக் குறிப்பவை. சமவெளியில் இருப்பவர் சமநிலத்துக்குப் பெயரிடார். தஞ்சாவூரில் ‘மேடில்லாப்பட்டி’ என்று ஓர் ஊர் இருக்குமா? அரியதற்குத்தான் பெயர். நான்கு அடி தட்டையாகக் கண்ட இடத்திலெல்லாம் முன்னோர் பெருமூச்சு விட்டு அமர்ந்து, மூட்டையை இறக்கிவைத்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஆய்வாளரும் அத்தகைய இடங்கள் சிலவற்றுக்குத் தனிப்பட்ட முறையில் பெயரிட்டுள்ளார். அவை இங்கே அச்சுக்கு ஏற்றவை அல்ல.

இனி இலக்கணம். சீன மொழியில் ‘ஷாங்’ என்றால் மேல், ‘ஷியா’ என்றால் கீழ். வண்டியில் ஏறுவது ‘ஷாங் சே’. இறங்குவது ‘ஷியா சே’. தமிழும் அவ்வாறே தாழ்தளப் பேருந்தில்கூட ஏறச் சொல்வதால் இதுவரை நமக்குத் தடையில்லை. ஆனால் அவர்கள் வேலைக்கு ‘ஏறுகிறார்கள்’, வேலை முடிந்து ‘இறங்குகிறார்கள்’. போன வாரம் மேல் வாரம், வரும் வாரம் கீழ் வாரம். கழிப்பறைக்குப் போவதும் ஏற்றமே. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த நிலையம் என்பது ‘ஷியா’ நிலையம். ரயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலைமேல் ஏறும், ஒலிபெருக்கி ஒவ்வொரு நிலையத்துக்கு முன்பும் ‘கீழ் நிலையம், கீழ் நிலையம்’ என்று அறிவிக்கும். இதைக் கேட்டுக் கலங்கிய நிலையில் ஆய்வாளர் தாமே இயற்றிய நூற்பா வருமாறு:

ஏறலும் இறங்கலும் இருவகைத் தெனினும்
நின்றது எம்மாடி என்பதே ஐயம்.

இதன் பொருள் வெளிப்படை. வினைமுற்றுகளைப் பற்றி மட்டும் ஒரு குறிப்புச் சேர்க்கலாம். ஏறினேன் என்பது தன்வினை. ஏற்றினார்கள் என்பது பிறவினை. மாலை ஆறு மணிக்கு மெட்ரோவின் மூன்றாம் தடத்தில் இவ்விரண்டும் வழக்கொழிந்து, ஏற்றப்பட்டேன், நெருக்கப்பட்டேன், இறக்கப்பட்டேன் எனச் செயப்பாட்டுவினையே எஞ்சுகிறது.

கட்டணம், பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றில் பெரிய தத்துவம் இல்லை. மெட்ரோவில் குறைந்த கட்டணம் 2 யுவான். கைப்பேசியில் அலிபே பணச்செயலி இருந்தால் வாயிலில் கியூஆர் குறியைக் காட்டிவிட்டுப் போகலாம். எல்லா நிலையத்திலும் பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வரும். எங்கள் முறுக்கு டப்பா திரையில் சுருள் சுருளாகத் தெரிந்ததை ஒரு பெண் காவலர் நீண்ட நேரம் பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. 2020 ஏப்ரல் முதல் சீன மெட்ரோக்களில் தின்பது விதிமீறல் ஆதலால் விளக்கிக் காட்டவும் வழியில்லை.

வாகன வகைக்கு வருவோம். பயணிகள் எல்லாரும் முதலில் ஓடுவது இரண்டாம் தடத்து லிசிபா நிலையத்துக்கு. 19 மாடிக் கட்டடம் ஒன்றின் 6 முதல் 8 வரையான மாடிகளில் ரயில் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகிறது. கீழே இதற்கென்றே மேடை கட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் வாயைப் பிளந்தபடி வரிசையாக நிற்பர். ரயிலை விழுங்குவது போல் படம் எடுக்க வேண்டுமாம். வீட்டைத் துளைத்து ரயில் விட்டார்கள் என்று காணொளிகள் சொல்வது பொய். கட்டடமும் நிலையமும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. நிலையத்தின் தூண்கள் வேறு, வீட்டின் தூண்கள் வேறு. அதிர்வு தாவாதபடி இடைவெளி உண்டு. ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தப் பொறியியல் எளிதில் விளங்கும்.

இத்தடம் மோனோ ரயில். ஜப்பானியத் தொழில்நுட்பம்; 2005இல் முறையாக ஓடத் தொடங்கியது. கான்கிரீட் உத்தரத்தைக் கால்களால் கவ்விக்கொண்டு ரப்பர்ச் சக்கரத்தில் ஓடுவதால் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்காது, குறுகிய வளைவிலும் திரும்பும். மூன்றாம் தடமும் மோனோ ரயில்தான், உலகிலேயே நீளமானது. சென்னைவாசியான ஆய்வாளர் அதில் ஏறியபோது சிறிது உணர்ச்சிவசப்பட்டதைப் பதிவு செய்தாக வேண்டும். தம் நகருக்கு வரும் வரும் என்று செய்தித்தாளில் ஆண்டுக்கணக்காகப் படித்து வராமலே போன ஒன்றை அவர் அங்கேதான் முதலில் கண்டார்.

ஆனால் ரயில் மட்டும் போக்குவரத்து என்று கருதுவது சமவெளிக்காரரின் மயக்கம். லியாங்லுகோவிலிருந்து கீழே சாய்யுவான்பாவுக்கு ஓர் எஸ்கலேட்டர் இறங்குகிறது. 1996இல் திறந்தது, நீளம் 112 மீட்டர், போய்ச்சேர ஏறத்தாழ இரண்டரை நிமிடம். டிக்கெட் 2 யுவான். இணை ஆய்வாளர் இங்கே ஆட்சேபம் எழுப்பினார்: “மால்ல சும்மா விடுறாங்களே!” பிறகு, எஸ்கலேட்டர் முன் நின்று, வலக்காலை நீட்டி, பின்னிழுத்து, மறுபடி நீட்டும் நம் மரபை முறைப்படி நிகழ்த்தினார். பின்னால் நின்ற காய்கறிக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையில்தான் ஆய்வாளருக்கு இலக்கணம் பிறந்தது: டிக்கெட் எடுக்கவேண்டியது எதுவோ அது போக்குவரத்து.

இவ்விலக்கணப்படி கைஷுவான் சாலையில் மேல்நகரையும் கீழ்நகரையும் இணைக்கும் லிஃப்டும் போக்குவரத்தே. 1986 முதல் ஓடுகிறது. கட்டணம் 1 யுவான். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு பயணம் முடிக்கும் பேருந்து என்க. அதே விதிப்படி ஷிபாதி என்ற படிக்கட்டுத் தெரு போக்குவரத்து ஆகாது. பெயருக்குப் பதினெட்டுப் படி என்று பொருள். எண்ணிக்கையை நம்ப வேண்டா. டிக்கெட் இல்லாததால் அதை விலக்கினோம். ஆய்வாளரின் முழங்கால்கள் இதற்கு மறுப்புரை வழங்கியுள்ளன.

ரோப் கார் ஒன்றும் உண்டு. யாங்சியின் மேல் 1,166 மீட்டர், 1987இல் வந்தது. ஜியாலிங்கின் மேல் 1982இலேயே ஒன்று இருந்தது. பாலத்துக்கு வழிவிட்டு 2011இல் நின்றுபோனது. ஒருகாலத்தில் அலுவலகம் போக உள்ளூர்க்காரர்கள் தொங்கிச் சென்ற பெட்டியில் இப்போது ஒருவழிக்கு 20 யுவான் கொடுத்து நாம் தொங்குகிறோம். அவர்களோ பாலத்திலும் மெட்ரோவிலும் போய்விடுகிறார்கள். வரிசையில் நிற்கும் நேரம் ஆற்றைக் கடக்கும் நேரத்தைப்போல் பலமடங்கு. பழனியில் விஞ்ச், ரோப் கார், படி, யானைப் பாதை என நால்வகை ஏற்றம் பழகிய தமிழருக்கு இவை எதுவும் புதிதல்ல. வேறுபாடு ஒன்றுதான். பழனியில் ஏறினால் முருகன் இருப்பார். இங்கே ஏறினால் இன்னொரு பேருந்து நிறுத்தம் இருக்கும்.

வழிகேட்டல் பற்றிச் சில சொற்கள். நம் கிராமத்தில் ‘கெழக்கால போயி தெக்க திரும்பு’ என்பர். பீஜிங்கிலும் அப்படித்தான், கட்டம் போட்ட ஊர், திசைக்குப் பஞ்சமில்லை. சோங்சிங்கில் சூரியன் பெரும்பாலும் மூடுபனிக்குள் இருப்பார். சாலையோ மலையைச் சுற்றிச் சுற்றி எட்டுத் திசையையும் ஒரே மைலில் தொட்டுவிடும். எனவே அங்கே வலக்கைப் பக்கம், இடக்கைப் பக்கம், மேலே, கீழே, இவைதாம் திசை. இரண்டாம் நாள் ஒரு பாட்டியிடம் கைப்பேசியைக் காட்டி எங்கள் விடுதிக்கு வழி கேட்டோம். ஆட்காட்டி விரலை நேராக வானத்தை நோக்கி நீட்டினார். இணை ஆய்வாளர் தாழ்ந்த குரலில், “சாமியக் காட்டுறாங்களா?” என்றார். விடுதியைத்தான் காட்டினார். அவர் முதுகில் மூங்கில் கூடை, கூடையில் கீரை. எங்களோடு லிஃப்டில் ஏறி, எங்களுக்கு முன் இறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கூடையைத் தனியே ஆராய வேண்டும். நான்காம் தடத்தில் ஷிச்சுவான் என்றொரு நிலையம். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் விடியுமுன் கூடையும் கீரையுமாக அதன் வாசலில் காத்திருந்து, முதல் ரயிலைப் பிடித்து நகரச் சந்தைக்கு வருவார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். அந்தத் தடத்துக்குக் கூடை ரயில் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆய்வாளர் ஒரு காலை எழுந்து அதில் போய்ப் பார்த்தார். பெட்டி நடுவில் முள்ளங்கி, வெங்காயத்தாள், மண் வாசனை. கூடைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக நின்றன. பேச்சு கோயம்பேட்டின் அதிகாலைப் பேச்சுப் போலவே ஒலித்தது. விலை பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். யாரும் படம் எடுக்கவில்லை. ஆய்வாளரும் கைப்பேசியைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி பைக்குள் வைத்துவிட்டார். மொத்த ஆய்விலும் தாம் எந்த மட்டத்தில் இருக்கிறோம் என்று கேட்கத் தோன்றாத பயணம் இது ஒன்றே. காரணம் விளங்கவில்லை, தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம்.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் பத்தாம் தடம். ஹோங்துதியில் மாற வேண்டும். ஹோங்துதி என்றால் செம்மண் நிலம், அதாவது செம்புலம். தமிழ் படித்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் மழையையும் காதலையும் நினைப்பார்கள். அங்கே பெய்யும் நீருக்குக் கலப்பதற்கு முன் வெகுதூரம் இறங்க வேண்டியிருக்கும்: பத்தாம் தடத்து நடைமேடை நிலத்துக்கு 94 மீட்டர் அடியில். இதையும் மிஞ்சியது ஹோங்யான்சுன் நிலையம், 116 மீட்டர். எஸ்கலேட்டர், அதன் முடிவில் இன்னோர் எஸ்கலேட்டர், அதன் முடிவில் மற்றொன்று. காது அடைத்தது. பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் பேசாமல் இறங்கிக்கொண்டிருந்தோம். வானத்தில் பறக்கப் போகிறவர்கள் ஏன் பாதாளத்துக்குப் போகிறோம் என்ற கேள்வியை இணை ஆய்வாளர் கேட்கவில்லை. நான்கு நாளில் பழகிவிட்டார்.

விமானம் கிளம்பி மேகத்துக்கு மேலே வந்ததும் விமானி ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, நாம் இப்போது 33,000 அடி உயரத்தில் பறக்கிறோம் என்றார். இணை ஆய்வாளர் முறுக்கு டப்பாவைத் திறந்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“எதுலேர்ந்தாம்?”