கோட்டண்ணன்

பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலம் தொண்டூரில் அவரைத் தேடி அலைய வேண்டாம். எந்தத் திண்ணையில் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கிக் கிடக்கிறதோ, அங்கே ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கோட்டண்ணன்.

ஊரார் முதலில் அளப்பார்கள், பிறகு புள்ளி வைப்பார்கள், கடைசியில் கோடு. அண்ணனுக்குக் கோடுதான் முதல். ஊசல் கிராஃபின் ஆரிஜினில் பென்சிலை ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடி, சரக்கென்று ஓர் இழுப்பு. அப்புறம் அந்தக் கோட்டின் மேலேயே ஆறு புள்ளி. புள்ளியைப் பார்த்து அட்டவணை நிரம்பும்: நூல் 80 செ.மீ., 20 அலைவுக்கு 35.9 விநாடி. ஊசல் ஆடியே இருக்காது.

ஒரு பையன் நிஜமாகவே அளந்து புள்ளி வைத்துக்கொண்டு வந்துவிட்டான். எல்லாவற்றையும் வளைத்து வளைத்துச் சேர்த்திருந்தான். “கோலமாடா இது?” என்று அண்ணன் அதட்டினார். அதுவரை நியாயம்தான். அடுத்து, ஒதுங்கியிருந்த ஒரு புள்ளியைக் காட்டி, “இது ஏன் தனியா நிக்குது? வீட்ல கோச்சுக்கிச்சா?” என்று ரப்பரை எடுத்தார்.

புள்ளிகள் கோட்டுக்கு இருபுறமும் சிதறி நிற்கலாம். ஒவ்வொன்றும் விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால், எந்தக் கோட்டுக்குத் தொகை மிகக் குறைவோ அதுவே பொருத்தமான கோடு என்று கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் அச்சிட்டார். அவர் கணக்குப் போட்டது வால்நட்சத்திரங்களின் பாதைக்கு. வால்நட்சத்திரமே கொஞ்சம் விலகலாமாம். அண்ணனிடம் ஊசல் விலகக் கூடாது.

“ஆரிஜின் வழியா போகலன்னா மார்க் போயிடும் தம்பி.” அந்தப் பையன் நூலை மட்டும் அளந்திருந்தான், குண்டின் ஆரத்தைச் சேர்க்கவில்லை. ஆரம் 1 செ.மீ. என்றால், ஒழுங்காக வரைந்த கோடு நீள அச்சை ஆரிஜினுக்கு 1 செ.மீ. இடப்புறம் வெட்டும். விட்டது எதுவென்று கிராஃபே சொல்லியிருக்கும். சாய்வும் கெடாது, புவியீர்ப்பு முடுக்கம் g சரியாகவே வரும். அண்ணன் கோட்டை ஆரிஜினுக்கு இழுத்துக் கட்டியபிறகுதான் g குறைந்தது. அதையும் அவரே சரிசெய்தார், அட்டவணையைத் திருத்தி.

அடுக்கில் அத்தனை நோட்டிலும் g 9.80. தொண்டூர் இருக்கிற செஞ்சிப் பக்கம் அது சுமார் 9.78. ராஜகிரி மலை உச்சிக்கு ஊசலைத் தூக்கிப் போனாலும் 0.001கூடக் குறையாது. பள்ளிக்கூட நூலும் ஸ்டாப் கிளாக்கும் இவ்வளவு நுணுக்கம் காட்டாதுதான். அதற்காக ஒரு நோட்டில்கூட 9.6 வராதா? வந்தால் வாத்தியார்கள் சிவப்பு மையில் ‘ரிப்பீட்’ என்று எழுதுகிறார்கள். எப்படி அளந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு எரிச்சல் அவர்கள் மேல்தான் அதிகம்.

அண்ணன் பைசா வாங்கமாட்டார். கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில் கோடு தொடரும். தேநீர் ஆறிக் கிடக்கும். கடைசி நோட்டு முடியாமல் எழுந்து போனதே இல்லை.

அன்றும் ரப்பர் தூளை ஊதிவிட்டு அந்தப் பையனிடம் நோட்டை நீட்டினார். பையன் வாங்கிப் பார்த்தான். “அண்ணா, அப்ப நான் அளந்தது?”

“அத ரஃப் நோட்ல வெச்சுக்கோடா.”